சகாயசெல்வி ஒரு தடவைதான் கேட்பாள்

சகாயசெல்வியின் குட்டி யானை லோடு வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், மரக்காணத்து ஜனங்கள் முதலில் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளும் சாமியானாத் துணியும் ஏறியிருந்தால் கல்யாணமோ காதுகுத்தோ. கண்ணாடி மூடி போட்ட நீளமான ஐஸ் பெட்டி ஏறியிருந்தால் சாவு. இரண்டுக்கும் வண்டி ஓட்டுவது அவள்தான். இரண்டுக்கும் ஒரே முகத்தோடுதான் போவாள்.

"சாவு வூட்டுக்குப் போறப்போவாவது சிரிக்காம போயேம்மே" என்று அவள் புருஷன் ஆரோக்கியராஜ் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

"நான் எங்கங்க சிரிக்கிறேன்? என் பல்லு அப்பிடி."

ஆரோக்கியராஜ் சீரியல் லைட் கட்டுகிற எலக்ட்ரீஷியன். கல்யாணங்களுக்கு லைட் கட்டப் போய், கூடவே நாற்காலி வாடகை, அப்புறம் சாமியானா, அப்புறம் ஐஸ் பெட்டி என்று தொழில் வளர்ந்தது. சம்பளத்துக்கு வைத்திருந்த டிரைவர், பெட்டியைத் தொடவே பயந்து வேலையை விட்டுப் போனான். செல்வி ஒரே மாதத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்தில் கூடை சுமந்தவள். ஸ்டியரிங் அவளுக்குப் பெரிய பாரமில்லை.

கண் தான விஷயம் அவள் வாழ்க்கைக்குள் வந்தது அனுமந்தையில். ஒரு மீன் வியாபாரி இறந்து, அவருடைய மகள் புதுச்சேரி ஆஸ்பத்திரியின் கண் வங்கிக்குப் போன் செய்திருந்தாள். வந்தவர் பார்க்கப் பையன் மாதிரி இருந்த ஒருவர். பெயர் தமீம் அன்சாரி, முப்பது வயது டெக்னீஷியன். சந்துகளில் வழி தெரியாமல் கடற்கரைக்கும் கோவிலுக்கும் சுற்றிக்கொண்டிருந்தவரை, பெட்டியோடு வந்த செல்விதான் பார்த்து, "என் வண்டி பின்னாடியே வாங்க" என்று கூட்டிப்போனாள். அவர் உள்ளே போய் இருபது நிமிஷத்தில் வெளியே வந்தார்.

"அவ்ளோதானா?" என்றாள் செல்வி.

"அவ்ளோதாங்க்கா. ஆனா செத்து ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். எங்களுக்குச் சேதி வர்றதுக்குள்ள பாதி நேரம் போயிடுது." தமீம் அவளுடைய பெட்டியைப் பார்த்தார். "எந்த வூட்ல சாவுன்னாலும் உங்களுக்குத்தானே மொதல்ல போன் வருது? நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே."

சரி என்றாள். கேட்பது இத்தனை கஷ்டமென்று அப்போது தெரியாது.

முதல் தடவை பொம்மையார்பாளையத்தில். வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். செல்வி நேராக மூத்த மகனிடம் போய், "கண்ணு குடுக்கிறீங்களா?" என்றாள்.

"கன்னா? எங்ககிட்ட மாடே இல்லியேம்மா" என்றான் அவன்.

"கன்னு இல்லீங்க, கண்ணு!"

"பசு வெச்சிருந்தோம், போன வருஷமே வித்துட்டோம்."

அவள் தொண்டை கிழிய, "செத்தவரோட கண்ணு!" என்று கத்தவும், மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தவும் சரியாக இருந்தது. தெரு மொத்தமும் திரும்பியது. ஒரு சித்தப்பா விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு வண்டி வரைக்கும் துரத்தினார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள், மறுநாள் ஆரோக்கியராஜை அனுப்பித்தான் திரும்ப எடுத்தாள்.

அன்றைக்கு அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். யாரைக் கேட்பது? மூத்த மகனையா, ஊர்ப் பெரியவரையா, வாசலில் அதிகமாகச் சத்தம் போடுகிறவரையா? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். செத்தவருக்குக் கடைசியாக யார் சோறு போட்டார்களோ அவர்களைத்தான் கேட்க வேண்டும். அதுவும் முதல் அழுகை கொஞ்சம் அடங்கின பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, ஒரே ஒரு தடவை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்கு முகத்தைச் சுளிக்கக் கூடாது.

கோட்டக்குப்பத்தில் பக்கீர் முஹம்மது இறந்தபோது அப்படித்தான் நடந்தது. அங்கே யாரும் ஐஸ் பெட்டி கேட்பதில்லை, அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். ஆனால் மகன் நியாஸ் துபாயிலிருந்து வந்து சேரும் வரைக்கும் வைக்க வேண்டியிருந்தது. செல்வி அவருடைய மனைவி மெஹரூன்னிசாவிடம் கேட்டாள். அந்தம்மா பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். "கூடும்னு சொல்றவங்களும் இருக்காங்க, கூடாதுங்கறவங்களும் இருக்காங்க. உங்க மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க" என்றார் அவர்.

மெஹரூன்னிசா செல்வியின் பக்கம் திரும்பி, "வேணாம்மா. தப்பா நெனைக்காத" என்றார்.

"இதுல தப்பா நெனைக்க இன்னாம்மா இருக்குது?" என்று சொல்லிவிட்டு, செல்வி லூசாக இருந்த பிளக்கைச் சரிசெய்து, பெட்டி சரியாகக் குளிர்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாருக்கு எந்த விசேஷமென்றாலும், "அந்தச் செல்வியைக் கூப்பிடுங்க. இல்லேன்னு சொன்னாலும் மூஞ்சியைக் காட்டாத பொம்பளை" என்று மெஹரூன்னிசாவே சொல்ல ஆரம்பித்தார். கல்யாண நாற்காலி ஆர்டர்களும் வந்தன.

சில வருஷத்தில் செல்வி பேர் போனவளாகிவிட்டாள். மெடிக்கல் ஷாப்பில் அவளைப் பார்த்தால் கிழவர்கள் இருமலை அடக்கிக்கொண்டார்கள். "ஏம்மா செல்வி, எனக்கு ஒன்னுமில்ல, சும்மா சளி" என்றார் ஒருவர். கண்ணோடு கிட்னி, கல்லீரல் எல்லாம் எடுத்துவிடுவார்களா என்று கேட்பவர்களும் உண்டு. "அதெல்லாம் ஆஸ்பத்திரியில மூளைச்சாவு ஆனவங்களுக்குத்தான். அங்க கேக்கறதுக்கு வேற ஆளு இருக்காங்க. என் வேலை வூட்டோட, கண்ணோட சரி" என்பாள்.

இந்த நேரத்தில்தான் சித்தார்த்தன் வந்தார். மரக்காணத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், ஒரு சேவை சங்கத்துக்குத் தலைவர். நல்ல மனுஷர், ஆனால் எதைச் செய்தாலும் ஃப்ளெக்ஸ் அடிக்காமல் செய்ய மாட்டார்.

"செல்விம்மா, ஒரு திட்டம். கண்ணு குடுக்கற குடும்பத்துக்கு ஐஸ் பெட்டி இலவசம். வாடகையை எங்க சங்கம் குடுத்துடும். வருஷத்துக்கு நூறு கண்ணு, மாவட்டத்துலயே நாமதான் ஃபர்ஸ்ட்டு!"

ஆரோக்கியராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டி சும்மா கிடக்காது, வாடகையும் நிச்சயம். ஆனால் செல்வி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"வேணாம் சார்."

"ஏன்? நல்ல காரியம்தானே?"

"வாடகை குடுக்க முடிஞ்சவன் வாடகையைக் குடுத்துட்டுப் போயிடுவான். முடியாதவன் கண்ணைக் குடுப்பான். அப்புறம் பாத்தீங்கன்னா உப்பளத்துல வேலை செய்யறவங்க கண்ணு மட்டும்தான் போய்க்கினு இருக்கும். மாடி வூட்டுக் கண்ணு ஒன்னுகூட வராது."

"ஆனா கண்ணு தெரியாதவன் ஒருத்தனுக்குப் பார்வை வருதே, அதைப் பாரும்மா."

"வரட்டும் சார். அதுக்குத்தானே நானும் அலையறேன். ஆனா குடுக்கறவங்க மனசாரக் குடுக்கணும். பெட்டி வாடகைக்குக் காசு இல்லாத நேரத்துல யாரும் மனசைக் கேட்டு யோசிக்க மாட்டாங்க."

சித்தார்த்தன் வெகுநேரம் வாதாடினார். எண்ணிக்கையைச் சொன்னார், காத்திருப்போர் பட்டியலைச் சொன்னார். அவர் சொன்னதும் பொய்யில்லை என்பதுதான் செல்விக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அசையவில்லை. கடைசியில், "உங்க சங்கத்துக்கு அவ்ளோ ஆசைன்னா, இல்லாதப்பட்டவங்க எல்லாருக்கும் பெட்டியை இலவசமாக் குடுங்க. கண்ணு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி" என்றாள். சித்தார்த்தன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாவது நாள் வந்து சரி என்றார். ஃப்ளெக்ஸ் மட்டும் அடித்துக்கொள்ள அனுமதி கேட்டார்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் பலராமன் விஷயம்.

பலராமன் நாற்பது வருஷமாக உப்பு வாரியவர். செல்வி கூடை சுமந்த காலத்தில் அதே அளத்தில் வேலை செய்தவர். ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவளிடம் தானாகவே வந்து, "அந்தக் கண்ணு கார்டு ஒன்னு குடு" என்று கண் தான உறுதிமொழிக் கார்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"வெயில்ல உப்பைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போன கண்ணு செல்வி. வாங்கறவன் இதுக்கு வேற எதையாச்சும் காட்டட்டும்" என்று சிரித்தார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "வூட்ல ராசம்மா ஒத்துக்க மாட்டா. ஆனா நீ விடாத, இன்னா?" என்றார்.

"சரிண்ணா" என்றுவிட்டாள் செல்வி.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாதத்துக் காலையில் அந்தச் "சரிண்ணா" அவளை மாட்டிவைத்தது. விடியுமுன் வேலைக்குப் போன பலராமன் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, கூழ் குடித்து, நெஞ்சை அடைக்கிறது என்று படுத்தார். நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் தம்பி பக்கிரி பெட்டிக்குச் செல்விக்கும், கார்டில் இருந்த நம்பருக்கும் ஒரே மூச்சில் போன் செய்துவிட்டான். செல்வி போய் இறங்கின அரைமணியில் தமீமும் பையோடு வந்துவிட்டார். பின்னாலேயே சித்தார்த்தனும்.

செல்வி, பலராமனின் மனைவி ராசம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை கொஞ்சம் அடங்கட்டுமென்று காத்திருந்து, மெதுவாகக் கேட்டாள். ராசம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேணாம்."

செல்வி தலையாட்டினாள். ஆனால் பக்கிரி விடவில்லை. "அண்ணன் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. இதுல அண்ணி இன்னா சொல்றது? ஒடம்பு அவரோடதுதானே?"

"அதானே!" என்றார் சித்தார்த்தன். "இறந்தவரோட கடைசி ஆசை!"

தமீம் இரண்டு பக்கமும் பார்த்தார். "செல்விக்கா, நேரம் போவுது. கண்ணு மேல ஈரப் பஞ்சாவது வெச்சுடலாமா?"

"பஞ்சும் வேணாம், ஒன்னும் வேணாம். பையை மூடுங்க தமீம்."

"அவர் விரும்பித்தானே எழுதிக் குடுத்தாரு?"

"விரும்பினாரு. ஆனா நாளைக்கு இந்த வூட்ல இருக்கப்போறது அக்காதான். அவங்க கையைப் புடிச்சுத் தள்ளிட்டு எடுத்தா, அதுக்குப் பேரு தானம் கெடையாது."

தமீம் பையை மூடிக்கொண்டு வேப்பமர நிழலில் போய் நின்றார். பக்கிரி முறைத்தான். பெட்டிக்குள் படுத்திருக்கிற மனுஷனுக்குச் செல்வி வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கை இப்போது அவளே மீறிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தடவை கேட்கவும் மனசில்லை. ஆனால் அவர் சொன்னதை அவர் பெண்டாட்டியிடம் சொல்லாமல் மறைப்பதும் சரியில்லையே என்று தோன்றியது. பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டிய பேச்சு அல்லவா அது?

ராசம்மாளிடம் திரும்பினாள். "அக்கா, நான் மறுபடி கேக்கல. ஒன்னு மட்டும் சொல்லிடறேன். கார்டு போட்ட அன்னிக்கு அண்ணன் என்கிட்ட, ராசம்மா ஒத்துக்க மாட்டா, நீ விடாதன்னாரு. நானும் சரின்னுட்டேன். உன்னைக் கேக்காம நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அது என் தப்பு."

ராசம்மாளின் அழுகை சட்டென்று நின்றது. "எப்போ சொன்னாரு?"

"ரெண்டு வருஷம் ஆவுதுக்கா."

"எங்க வெச்சு?"

"பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில."

"டீக்கடையிலயா?" ராசம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சுகர் இருக்குது, டீ வேணாம்னு டாக்டர் சொல்லி, வூட்ல நான் சக்கரையே வாங்கறதில்ல. இவரு டீக்கடையில போய்க் குடிச்சிக்கினு இருந்தாரா?"

"பஜ்ஜியும் துன்னுவாரு அண்ணி" என்றான் பக்கிரி, யோசிக்காமல்.

ராசம்மாள் எழுந்து பெட்டியின் மூடியைத் தட்டினாள். "யோவ்! பஜ்ஜி துன்னியா நீ? கேட்டா பசி இல்லேன்னுவியே! முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவகிட்ட சொல்லாத, தெருவுல போறவங்ககிட்ட எல்லாம் சொல்லு! கண்ணைக் குடுக்கறதைச் சொன்னா நான் இன்னா உன்னைக் கடிச்சா துன்னுடப் போறேன்?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தவளுக்கு அடக்க முடியவில்லை. சாவு வீட்டில் சிரிப்பு பரவியது. ராசம்மாளுக்கே ஒரு கணம் உதடு கோணியது, உடனே கண்ணீர் கொட்டியது.

"ஏன் செல்வி அவரு என்கிட்ட சொல்லல?"

"பயந்துட்டாருக்கா."

"எனக்கா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ராசம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். தானாகவே ஆரம்பித்தாள். "எனக்கு சாமி, பேயி, அடுத்த ஜென்மத்துல குருடு, அதெல்லாம் ஒன்னும் கெடையாது. பூங்குழலி திருப்பூர்லேருந்து வந்துக்கினு இருக்குது. பஸ்ல அழுதுக்கினே வரும். வந்து பாக்கறப்போ அப்பன் மூஞ்சியில ரெண்டு ஓட்டை இருந்தா அந்தப் பொண்ணு தாங்குமா?"

செல்வி வாசலைப் பார்த்து, "தமீம், அக்காவுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க" என்றாள்.

தமீம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றிக் காட்டினார். "இந்தக் கண்ணாடி மாதிரிம்மா. கருவிழிக்கு மேல இருக்கற மெல்லிசு படலம் மட்டும்தான் எடுப்போம். கண்ணு அப்பிடியே இருக்கும். இமையை மூடிட்டா ஒன்னுமே தெரியாது."

"நீ சொல்லுவ. நான் பாக்கணும். எடுக்கறப்போ நான் கூட இருப்பேன்."

"வழக்கமா குடும்பத்து ஆளுங்களை வெளிய அனுப்பிடுவோம்மா..."

"அப்போ வேணாம்."

தமீம் டாக்டருக்குப் போன் செய்தார். தள்ளிப் போய்ப் பேசினார், திரும்பி வந்தார். தலைமாட்டுக்கு வரக் கூடாது, எதையும் தொடக் கூடாது, கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், அப்படியென்றால் சரி என்று டாக்டர் சொன்னாராம்.

ராசம்மாள் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. மகளுக்குப் போன் போடச் சொன்னாள். பூங்குழலி எங்கேயோ சேலம் பக்கம் பஸ்ஸில் இருந்தாள். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் ராசம்மாள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மா, நீ கூட இருப்பியா?"

"கூடத்தான் இருப்பேன்."

"அப்போ சரிம்மா."

ராசம்மாள் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள். பக்கிரியும் எதிர்வீட்டுக்காரரும் சாட்சி. சித்தார்த்தன் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார். செல்வி பார்த்த பார்வையில் போன் திரும்பவும் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

உடம்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினார்கள். ராசம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்து, பலராமனின் பாதங்களுக்குப் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்துப்போன பாதங்கள். செல்வி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தமீம் குனிந்து, நிதானமாக வேலை செய்தார். முடிந்ததும் இமைகளை மூடி, ஓரத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். அப்புறம் எழுந்து நின்று, பலராமனுக்கு முன்னால் தலை குனிந்து ஒரு நிமிஷம் நின்றார். இது அவர் எப்போதும் செய்வது. ராசம்மாள் அதைக் கவனித்தாள்.

கிட்டே வந்து, புருஷன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "தூங்கறாப்பலதான் கீறாரு" என்றாள்.

சாயங்காலம் வந்து சேர்ந்த பூங்குழலி ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்தாள். கண்ணாடி வழியாக அப்பாவின் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். கண் எடுத்த அடையாளம் ஒன்றும் தெரியவில்லை. "ஷேவ் பண்ணாமகூடக் கெடக்கறியேப்பா" என்று சொல்லி அழுதாள். ராசம்மாள் செல்வியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துத் தமீம் போன் செய்தார். இடது கண்ணை வெயில் ரொம்பவே கெடுத்திருந்ததாம், அது படிக்கிற டாக்டர்களுக்குப் பயன்படும். வலது கண் நன்றாக இருந்தது. ஒருவருக்கு வைத்துவிட்டார்கள், பார்வை வந்துவிட்டது. செல்வி நேராகப் போய் ராசம்மாளிடம் சொன்னாள்.

"யாருக்கு வெச்சாங்க?"

"அதைச் சொல்ல மாட்டாங்கக்கா. எனக்கும் தெரியாது. வாங்கினவங்க உன்னைத் தேடி வந்து கும்பிட்டுக்கினு நிக்கக் கூடாது, நீயும் அவங்க வூட்டுல போய் உரிமை கொண்டாடக் கூடாது. அதுக்குத்தான்."

"நான் இன்னா அங்க போய்ச் சோறா கேக்கப்போறேன்? சும்மா பாத்துட்டு வந்துடுவேன்."

"சொல்ல மாட்டாங்கக்கா."

சித்தார்த்தன் மேடை போட்டு ராசம்மாளுக்குச் சால்வை போர்த்த ஆசைப்பட்டார். "சால்வை இந்த வெயிலுக்கு இன்னாத்துக்கு? உப்பு வார்றவங்களுக்கு ஆளுக்கொரு கூலிங் கிளாஸ் வாங்கிக் குடுங்க, மீதி இருக்கற கண்ணாவது கெடாம இருக்கட்டும்" என்றாள் ராசம்மாள். அவர் வாங்கிக் கொடுத்தார். முதல் வாரம் அளத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். அதில் பாதிப் பேர் இன்னும் போடுகிறார்கள்.

ராசம்மாள் இப்போது மாதத்துக்கு ஒரு தடவை சுகர் மாத்திரை வாங்கப் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறாள், பலராமனுக்கு இருந்த வியாதி அவளுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் செல்வியும் கூடப் போனாள். ராசம்மாள் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு, வழியில் ஏறுகிற ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேராக உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிலர் நெளிந்தார்கள். ஒரு கண்டக்டர், "இன்னாம்மா, தெரிஞ்சவங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

"இருக்கலாம்" என்றாள் ராசம்மாள்.

"அக்கா, அண்ணன்கிட்டேருந்து எடுத்தது வெறும் கண்ணாடி மாதிரிதான். பாத்தா ஒன்னும் தெரியாது" என்று செல்வி காதோரம் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்மே. தமீம் சொன்னாரே." ராசம்மாள் கோட்டக்குப்பத்தில் ஏறிய, கையில் டிபன் கேரியர் வைத்திருந்த ஒரு நடுவயசு ஆளைப் பார்த்தாள். அவர் வெளியே ஏதோ கடைப் பலகையை வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "இருந்தாலும் பாக்கறதுக்கு இன்னா காசா பணமா? நல்லா படிக்கறாரு பாரு."

செல்வியும் எட்டிப் பார்த்தாள்.